தங்கவயலுக்குப் போன பத்து மைல் ரயில்

ஆபீஸ்ல ரிலீஸ், ரிலீஸுக்கு அப்புறம் அதோட பக் ஃபிக்ஸ், அப்புறம் அடுத்த ரிலீஸ்னு ஓடிக்கிட்டே இருந்ததால இந்தப் பக்கம் தலைவைக்க முடியல. இன்னைக்கு கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2018-ல் கேஜிஎஃப் படம் வந்தப்பவும் சரி, 2024-ல் தங்கலான் வந்தப்பவும் சரி, எல்லாரும் தங்கத்தைப் பத்தித்தான் பேசினாங்க. யார் கண்டுபிடிச்சது, எவ்வளவு கிடைச்சது, யார் சுருட்டினது. எனக்கு மட்டும் வேற ஒரு கேள்வி குடைஞ்சுக்கிட்டே இருந்தது. ரெண்டு ரெண்டரை கிலோமீட்டர், கடைசியில மூணு கிலோமீட்டருக்கும் மேல பூமியைக் குடைஞ்சாங்களே, அதுக்கான இயந்திரம், கரி, இரும்பு, சோறு, ஆள் எல்லாம் அந்தப் பொட்டல் காட்டுக்கு எப்படிப் போச்சு? சாஃப்ட்வேர்காரன் புத்தி அப்படித்தான். கோடு எழுதுறது பெரிய விஷயமில்ல, அதைக் கொண்டுபோய் சர்வர்ல ஏத்துறப்பதான் தாவு தீரும்.

தேட ஆரம்பிச்சா முதல் ஆளே நம்ம ஏரியா தொடர்புள்ளவரா இருக்கார். 1802 ஏப்ரல்ல வில்லியம் லாம்டன் பரங்கிமலை பக்கத்துல ஆரம்பிச்சு பெரும்பாக்கம் வரைக்கும் சுமார் 7.5 மைலுக்குச் சங்கிலி போட்டு அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமா அளந்த பெரிய சர்வேக்கு அஸ்திவாரம் அந்தக் கோடுதான். தாம்பரத்துல இருந்து மேடவாக்கம் வழியா ஓஎம்ஆருக்கு வேலைக்குப் போறவங்க தினமும் அந்தக் கோட்டை எங்கேயாவது வெட்டிக்கிட்டுத்தான் போகணும், யாருக்கும் தெரியாது. அந்த லாம்டனுக்கு ஆரம்ப காலத்துல உதவியாளரா இருந்தவர்களில் ஒருத்தர் லெஃப்டினன்ட் ஜான் வாரன். பிறப்பால பிரெஞ்சுக்காரர், வேலை பிரிட்டிஷ் ராணுவத்துல. பின்னாடி மெட்ராஸ் வான் ஆய்வகத்தையும் கொஞ்ச காலம் பார்த்துக்கிட்டார், நம்ம பஞ்சாங்கக் கணக்கைப் பத்தி 'கால சங்கலித'ன்னு ஒரு தடிப் புத்தகமும் எழுதினார். சுவாரசியமான மனுஷன், தனிப் பதிவே போடலாம்.

திப்பு 1799-ல் விழுந்ததுக்கு அப்புறம் மைசூர் ராஜ்ஜியத்தோட கிழக்கு எல்லையை அளக்க வாரனை அனுப்பினாங்க. 1802-ல் கோலார் பக்கம் வேலை. அங்க மண்ணுல தங்கம் கிடைக்குதுன்னு ஊருக்குள்ள பேச்சு. காட்டுறவங்களுக்குப் பரிசுன்னு அறிவிச்சார். உரிகம் கிராமத்து ஆளுங்க வண்டியில மண்ணை ஏத்திக்கிட்டு வந்து அவர் முன்னாடியே அலசிக் காட்டினாங்க. அடியில தங்கப் பொடி. மாரிக்குப்பத்துல ஜனங்க எண்ணெய் விளக்கோட குழிக்குள்ள இறங்கி, ஏற்கெனவே பாறையை உடைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஆக 'கண்டுபிடிச்சது' வாரனும் இல்ல, பின்னால வந்த லாவெல்லும் இல்ல. அங்க இருந்தவனுக்குத் தெரிஞ்சதை வந்தவன் எழுதி வெச்சான், அவ்வளவுதான். எழுதினவன் பேர்தான் நிக்கும்கிறது நமக்குத் தெரியாததா என்ன :)

வாரன் எழுதின அறிக்கை எழுபது வருஷம் தூங்குச்சு. தட்டி எழுப்பினவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல், அயர்லாந்துக்காரர். நியூசிலாந்துல மாவோரிகளோட நடந்த சண்டையில இருந்துட்டு, பெங்களூர் கண்டோன்மென்ட்ல வந்து ரிட்டயர்டு வாழ்க்கை வாழ்ந்தவர். நியூசிலாந்துல இருந்தவனுக்குத் தங்கக் கிறுக்கு பிடிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். 1871 வாக்கில் வாரனோட பழைய கட்டுரை அவர் கையில சிக்குச்சு. மாட்டு வண்டி கட்டிக்கிட்டு பெங்களூர்ல இருந்து அறுபது மைல் கிளம்பிட்டார். 1873-ல் மைசூர் சர்க்காருக்கு மனு, 1875 பிப்ரவரியில 20 வருஷத்துக்கு லைசென்ஸ். ஆனா கையில காசு இல்ல. ரெண்டு மூணு வருஷத்துல உரிமையை ராணுவ அதிகாரிகள் சேர்ந்த ஒரு கும்பலுக்குக் கைமாத்திட்டார். இன்னைக்கு பெங்களூர்ல லாவெல் ரோடுன்னா ரியல் எஸ்டேட்காரங்க கண்ணு விரியும். அது இந்த ஆளோட பேர்தான்.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு, அதே சமயம் நம்ம நீலகிரியில என்ன நடந்துச்சுன்னு பார்த்துடலாம். ஏன்னா அதுவும் தங்கம்தான்.

பந்தலூர், தேவாலா. இப்போ டீ எஸ்டேட்டும் யானையும்தான் நினைவுக்கு வரும். 1877-ல்தான் அந்தத் தென்கிழக்கு வயநாடு பகுதியை மலபார் ஜில்லாவுல இருந்து பிரிச்சு நீலகிரியோட சேர்த்தாங்க. அங்கயும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையா தங்கம் அலசிக்கிட்டு இருந்தாங்க. 1879-ல் ஆஸ்திரேலியாவுல இருந்து ப்ரோ ஸ்மித்னு ஒரு சுரங்க நிபுணரைக் கூட்டிட்டு வந்து ஆய்வு செய்யச் சொன்னாங்க. அவர் அறிக்கை வந்ததும் லண்டன் பங்குச் சந்தைக்குப் பேய் பிடிச்சுது. 1880-81-ல் டஜன் கணக்குல வயநாட்டுத் தங்கக் கம்பெனிகள், காகிதத்துல கோடிக் கோடியா மூலதனம். டாட் காம் பபிள் கதைதான், மாடு இழுத்துச்சு, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

வழியைப் பாருங்க. கிழக்குப் பக்கம் ரயில் 1873-ல் மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்துடுச்சு. மேற்குல கடற்கரையில பேப்பூர் வரைக்கும் 1860-களிலேயே இருந்தது. நடுவுல முழுக்க மலை, மழை, காடு, மலேரியா. கப்பல்ல வந்த ஸ்டாம்ப் மில் இரும்பை எல்லாம் காட் ரோட்டுல ஏத்திக் கொண்டுபோய் நிறுத்தி, ஓட்டிப் பார்த்தா ஒரு டன் பாறைக்குக் கிடைச்ச தங்கம் செலவுக்கே கட்டல. ரெண்டு மூணு வருஷத்துல மொத்தமும் சரிஞ்சது. இயந்திரம் காட்டுலயே துருப்பிடிச்சது.

'ரோடு இல்லாததாலதான் வயநாடு தோத்துச்சு'ன்னு நான் சொல்ல வரல. பாறையில சரக்கு இல்ல, அதுதான் முதல் காரணம். ஆனா சரக்கு இல்லைங்கிறது தெரியுறதுக்கே அத்தனை பணத்தை மலையேத்த வேண்டி இருந்துச்சு பாருங்க, அங்கதான் வழியோட விலை புரியுது. வழி சுலபமா இருந்திருந்தா ரெண்டு மில்லோட உண்மை வெளிய வந்திருக்கும்.

இப்போ கோலாருக்குத் திரும்புவோம். இங்க ஒரு பெரிய அதிர்ஷ்டம், யாரும் சொல்லாத அதிர்ஷ்டம். தங்கம் தேடி ஆள் வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே கஷ்டமான வேலையை வேற யாரோ வேற எதுக்கோ முடிச்சு வெச்சுட்டாங்க.

மெட்ராஸ் ரயில்வே 1856-ல் ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் வண்டி விட்டுச்சு. அப்படியே நீண்டு ஜோலார்பேட்டை. அங்க இருந்து பெங்களூருக்கு ஒரு கிளை, 1864-ல் திறந்தாங்க. கண்டோன்மென்ட்ல இருக்கிற ராணுவத்துக்குத்தான் அந்தக் கிளை. ஜோலார்பேட்டையில இருந்து குப்பம் பக்கம் ஏறும்போது ஜன்னல் சீட்ல உக்காந்து பார்த்திருக்கீங்களா? பாறையும் வளைவுமா வண்டி மூச்சு வாங்கிக்கிட்டு ஏறும். அந்த ஏத்தத்தோட செலவுல தங்கக் கம்பெனி ஒரு சல்லிக்காசு போடல. மேல ஏறினதும் சமவெளி. மைசூர் கமிஷனர் பவுரிங் பேருல ஒரு ஸ்டேஷன், பவுரிங்பேட்டை. பின்னாடி அதுதான் பங்காரப்பேட்டை. கன்னடத்துல பங்காரம்னா தங்கம், பேர் மாறினதும் எவ்வளவு பொருத்தமா உக்காந்துடுச்சு பாருங்க.

சுரங்கத்துக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் நடுவுல மிச்சம் இருந்தது பத்து மைல். மலை கிடையாது, பெரிய ஆறு கிடையாது, வெறும் பொட்டல். அந்தப் பத்து மைலுக்கு ரயில் வர எத்தனை வருஷம் ஆச்சுன்னு நினைக்கிறீங்க? ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-ல் உள்ள வந்தது. ரயில் வந்தது 1894-ல். பதினாலு வருஷம் எல்லாமே மாட்டு வண்டிதான்!

மெட்ராஸ்ல அப்போ ஒழுங்கான துறைமுகமே கிடையாது. கட்டிக்கிட்டு இருந்த சுவரை 1881 நவம்பர் புயல் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. கப்பல் கடல்ல நிக்கும், மசூலா படகுல சாமானை இறக்கிக் கரைக்குக் கொண்டு வரணும். அப்புறம் ரயில், அப்புறம் வண்டி மாடு. ஸ்டாம்ப் மில்லுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: நம்ம உரல் உலக்கைதான், ஆனா உலக்கை ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்கான கிலோ இரும்பு. வரிசையா நிறுத்தி நீராவி எஞ்சின் தூக்கித் தூக்கிப் போடும், பாறை மாவாகும். அதை எல்லாம் பொட்டல் காட்டு வண்டிப்பாதையில, மழை பேஞ்சா சேத்துல, மாடு இழுத்திருக்கு.

ஏன் இவ்வளவு தாமதம்? காரணம் எளிது, ஆரம்பத்துல யாருக்கும் நம்பிக்கை இல்ல. மைசூர் மைன் கம்பெனி 1883 வாக்கில் இழுத்து மூடற நிலைமையில இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் ஆழமாப் போய்ப் பார்க்கலாம்னு பங்குதாரர்களைக் கெஞ்சி சம்மதிக்க வெச்சு, அப்புறம்தான் சாம்பியன் லோடுங்கிற பெரிய தங்க நரம்பு சிக்குச்சு. அதுக்கப்புறம் நிலைமை தலைகீழ். சர்க்காருக்கும் தங்கத்துல 5 சதவீதம் ராயல்ட்டி. பணம் நிச்சயம்னு தெரிஞ்சதும் மைசூர் சமஸ்தானமே தன் செலவுல பவுரிங்பேட்டையில இருந்து பிராட் கேஜ் கிளை போட்டுக் கொடுத்துச்சு. ஓட்டுற வேலை மெட்ராஸ் ரயில்வேக்கு. ரிஸ்க் இருந்தப்ப மாடு, லாபம் உறுதியானப்ப ரயில். இன்னைக்கும் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், மணிமங்கலம் பக்கம் வீட்டு மனை வாங்கி ரோட்டுக்குக் காத்திருக்கிறவங்களுக்கு இந்த வரிசை நல்லாவே புரியும்.

வெளிநாட்டுக் கதையை ஒப்பிட்டா இது இன்னும் தெளிவா இருக்கும். கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியாவுல காரிபூ தங்கவயலுக்கு 1862-ல் இருந்து 65 வரைக்கும் மலையைக் குடைஞ்சு வண்டிப்பாதை போட்டாங்க. ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் கடன் வாங்கி, ராணுவ என்ஜினியர்களை இறக்கினார். ஒருத்தர் புத்திசாலித்தனமா பாரம் சுமக்க ஒட்டகம் இறக்குமதி பண்ணார். ஒட்டக வாசனையில குதிரையும் கழுதையும் மிரண்டு ஓடி, பாதையே ரகளையாகி, திட்டத்தைக் கைவிட்டாங்க :) மேற்கு ஆஸ்திரேலியாவுல கூல்கார்டியில 1892-ல் தங்கம் கிடைச்சப்போ ஒட்டகம்தான் காப்பாத்துச்சு. ஓட்டினவங்க நம்ம பலுசிஸ்தான், ஆப்கன் பக்கத்து ஆளுங்க. நாலே வருஷத்துல, 1896-ல், ரயில் போயிடுச்சு. அங்க தட்டுப்பாடு தண்ணிக்கு. ஓ'கானர்னு ஒரு என்ஜினியர் 530 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டார். நடக்காத காரியம்னு பத்திரிகைகள் போட்டுத் தாளிச்சதுல, 1902 மார்ச்ல தற்கொலை பண்ணிக்கிட்டார். 1903 ஜனவரியில தண்ணி போய்ச் சேர்ந்துச்சு. ஒரு என்ஜினியரா இதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் மனசு சரியில்ல.

கோலாருக்குத் தண்ணி பாலாறுல இருந்து. சுரங்கத்துக்குக் கொஞ்ச தூரத்துலயே பேத்தமங்கலம் ஏரி. நம்ம செங்கல்பட்டு தாண்டும்போது ரயில் பாலத்துல மணலா மட்டுமே பார்க்கிறோமே, அதே பாலாறுதான். அதோட மேல்பக்கத் தண்ணியில அவங்க தங்கம் அலசினாங்க, கீழ்ப்பக்க ஊத்துத் தண்ணி தாம்பரம் பக்கம் குடிக்க வருது.

கரிதான் அடுத்த தலைவலி. நீராவி எஞ்சின் எவ்வளவு போட்டாலும் தின்னும். பத்து மைல் ரயில் வந்ததோட உடனடி லாபம் கரியும் விறகும் நேரா சுரங்க வாசல்ல இறங்கினதுதான். ஆனா அதையும் 1902-ல் தாண்டிட்டாங்க. ஜூன் 30, காவிரி சிவசமுத்திரம் அருவியில மின்சாரம் எடுத்து 92 மைல் கம்பியில தங்கவயலுக்கு. டர்பைன் சுவிட்சர்லாந்து எஷர் வைஸ், ஜெனரேட்டர் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக். அந்தக் காலத்துல உலகத்துலயே ரொம்ப நீளமான மின் பாதைகள்ல அது ஒண்ணு. பெங்களூருக்குக் கரண்ட் போனது 1905-ல்தான், சுரங்கத்துக்கு மூணு வருஷம் கழிச்சு. ஊர்ல இருக்கிற ஜனங்களுக்கு விளக்கெரியறதுக்கு முன்னாடி பூமிக்கடியில எரிஞ்சிருக்கு.

சரி, ஆளுங்க? என்னைப் பொறுத்தவரை இந்தப் பத்து மைலோட நிஜமான கதை இதுதான்.

1876-78 தாது வருஷப் பஞ்சம் மெட்ராஸ் ராஜதானியையும் மைசூரையும் சேர்த்துப் புரட்டிப் போட்டது. வட ஆற்காடு, சேலம் பக்கத்து நிலமில்லாத ஜனங்க, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், பிழைக்க இடம் தேடிக்கிட்டு இருந்தாங்க. இலங்கை, பர்மா, மலேயான்னு கப்பலேறினவங்க கதை நமக்குத் தெரியும். தங்கவயலுக்குக் கப்பல் வேணாம். ஆம்பூர்லயோ குடியாத்தத்துலயோ ரயிலேறினா ஜோலார்பேட்டை வழியா ஒரு பகல்ல போயிடலாம். 1894-க்கு அப்புறம் குடம், சட்டி, கோழிக்கூண்டோட சுரங்க வாசல்லயே இறங்கலாம். 1901 கணக்கெடுப்புல தங்கவயல்ல சுமார் 38,000 பேர். முப்பது வருஷம் முன்னாடி வெறும் புதரா இருந்த இடம்!

கப்பலேறிப் போனவங்களுக்கும் இவங்களுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒண்ணு உண்டு. இவங்களால திரும்பி வர முடியும். திருவிழாவுக்கு, சாவுக்கு, பொண்ணு பார்க்க. வண்டியேறினா ஊர். கங்காணி பிடியில கடல் தாண்டி மாட்டினவனுக்கு அந்த வசதி கிடையாது. அதுக்காக தங்கவயல் சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. ஆழம் போகப் போகப் பாறை வெடிச்சு எத்தனையோ பேர் செத்தாங்க, கல்தூசு நுரையீரலை அரிச்சு மிச்சப் பேர் செத்தாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்தா உடம்பைத் தடவிச் சோதனை. 1930-ல் கைரேகை பதிவு பண்ணணும்னு நிர்வாகம் சொன்னப்ப, நாங்க என்ன திருடங்களான்னு மொத்தக் கூட்டமும் வேலைநிறுத்தம் பண்ணுச்சு.

அதே ரயில்ல வேற ஒண்ணும் போச்சு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ராயப்பேட்டையில 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை ஆரம்பிச்சார். அதுக்கு உயிர் கொடுத்த வாசகர்கள்ல பெரிய பங்கு தங்கவயல் தொழிலாளிங்க. மாரிக்குப்பத்துல பௌத்த சங்கக் கிளையும் அதே 1907-ல். அவர் 1914-ல் மறைஞ்சதுக்கு அப்புறம், 1926-ல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' பத்திரிகையைத் தங்கவயல்ல இருந்தே மறுபடியும் கொண்டு வந்தார். அவரோட எழுத்துகளைத் தொகுத்துப் புத்தகமா போட்டதும் அங்க இருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். பொட்டல் காட்டுல, பூமிக்கடியில கல்லுடைச்ச ஜனங்க மெட்ராஸ் பத்திரிகைக்குச் சந்தா கட்டி, வாசிச்சு, விவாதம் பண்ணி, அச்சும் போட்டிருக்காங்க. நம்ம தாம்பரம் சானடோரியம் சித்த மருத்துவ நிறுவனத்து ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாசர் பேர்தான் வெச்சிருக்காங்க. அடுத்த தடவை கபசுரக் குடிநீர் வாங்கப் போகும்போது போர்டைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க.

சுரங்கம் 1956-ல் மைசூர் அரசு கைக்கும், 1962-ல் மத்திய அரசு கைக்கும் போய், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினாங்க. அதுவரைக்கும் எடுத்தது 800 டன்னுக்கும் மேல. எங்க டீம்ல தங்கவயல்காரர் ஒருத்தர் இருக்கார். அண்ணே, ஊர்ல இப்போ என்னதான் இருக்குன்னு கேட்டேன். "ரயில் இருக்குப்பா"ன்னார்.

ஜோக் அடிக்கிறார்னுதான் முதல்ல நினைச்சேன். நிஜமாவே சொல்லியிருக்கார். சுரங்கம் மூடினதும் அந்த ஊர் மொத்தமா பெங்களூரை நம்பி நிக்குது. விடியறதுக்கு முன்னாடி மாரிக்குப்பத்துல கிளம்புற வண்டியில சாம்பியன், உரிகம், கோரமண்டல்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கூட்டம் ஏறும். கட்டட வேலை, செக்யூரிட்டி, வீட்டு வேலை, கடை, கம்பெனி. ராத்திரி அதே வண்டியில வீடு. ஸ்டேஷன் பேர் ஒவ்வொண்ணும் செத்துப்போன ஒரு சுரங்கத்தோட பேர். கோரமண்டல்னு பேர் பார்த்தப்ப சிரிப்பு வந்துச்சு, நம்ம சோழமண்டலக் கரை எங்க, அந்த மேட்டு நிலம் எங்க. லண்டன் கம்பெனிக்காரன் மேப்புல எந்தப் பேர் அழகா இருந்துச்சோ அதை எடுத்து ஒட்டியிருப்பான் போல.

வேலைக்கு ஆளை உள்ள கொண்டு வரப் போட்ட தண்டவாளம், இப்போ வேலைக்கு ஆளை வெளிய கொண்டு போகுது. நம்ம பீச் தாம்பரம் லைன் 1931-ல் மின்மயமான காலத்துல இருந்து ஜனங்களை ஆபீசுக்கு இழுத்துக்கிட்டு இருக்கு, அது அதுக்காகவே செஞ்சது. அந்த லைன் அப்படி இல்ல. கரிக்கும் இரும்புக்கும் போட்டது, கடைசியில மனுஷங்களுக்கு மட்டும்னு ஆயிடுச்சு.

2024-ல் அந்த சயனைடு மண் மேடுகள்ல மிச்சமிருக்கிற தங்கத்தை எடுக்கிற திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை சம்மதம் சொல்லிருக்கு. நடந்தா அந்தத் தண்டவாளத்துல மறுபடியும் சரக்கு ஓடுமான்னு நண்பர்கிட்ட கேட்டேன். "அதெல்லாம் லாரியில போயிடும், பாசஞ்சர் வண்டிக்கு ரெண்டு பெட்டி கூட்டச் சொல்லு, போதும்"னார்.

போய்ப் பார்க்கணும்னு நினைக்கிறவங்களுக்கு: சென்னையில இருந்து பெங்களூர் போற வண்டியில பங்காரப்பேட்டை சுமார் 290 கிலோமீட்டர். இறங்கி மாரிக்குப்பம் வண்டி மாறணும். சுரங்கத்துக்குள்ள எல்லாம் விடமாட்டாங்க. ஆனா ஜன்னல் சீட் கிடைச்சா சயனைடு மேடு வரிசையா தெரியும். தங்கவயல் சொந்தக்காரங்க, தாத்தா பாட்டி கதை இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா பின்னூட்டத்துல எழுதுங்க. 1894-க்கு முன்னாடி அந்தப் பத்து மைல் வண்டி ஓட்டினவங்க பேரன் பேத்தி யாராவது இருந்தா, உங்களுக்காக ஒரு முழுப் பதிவே காத்திருக்கு.